ஏப்ரல் சோப்தா: மலைப் படம் ஏன் காலண்டர் படமாகிறது?

கேள்வி: ஏப்ரல் நடுவில் உத்தரகாண்டின் சோப்தா, துங்கநாத் பக்கம் ஐந்து நாள் போகிறோம். என்னிடம் கேனன் 200டி மார்க் 2, அதனுடன் வந்த 18–55, 55–250 லென்ஸ்கள் இருக்கின்றன. போன வருடம் மணாலியில் எடுத்ததெல்லாம் காலண்டர் படம் போல வந்தது. பனி சாம்பல் நிறத்தில், மலை சின்னதாக. இந்த முறையாவது கொஞ்சம் கற்பனையோடு எடுக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? வைட் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளட்டுமா? (திருப்பூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: வைட் லென்ஸ் வேண்டாம். மலை சின்னதாக வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதிக அகலத்தைப் படத்துக்குள் அடக்கும் வைட் லென்ஸ் அதை இன்னும் சின்னதாக்கும். துங்கநாத்துக்கு மேலே உள்ள சந்திரசிலா உச்சியிலிருந்து சௌகம்பா சிகரம் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 7,138 மீட்டர் உயரம் என்பதால் கண்ணுக்கு வானத்தையே அடைத்துக்கொண்டு நிற்பது போலத் தெரியும். 18 மி.மீ.யில் எடுத்துப் பாருங்கள், அடிவானத்தில் வரிசையாக நாலு வெள்ளைப் பல். மீதி முழுக்க வானமும் புல்லும்தான். கையில் இருக்கும் 55–250 தான் அங்கே உங்கள் முதல் லென்ஸ். 18–55 வேலைக்கு வருவது, காலடியில் காட்ட ஏதாவது இருக்கும்போது.

அந்தக் காலடியில்தான் விஷயம் இருக்கிறது. மலையில் வசந்தம் ஒரே நாளில் எல்லா இடத்துக்கும் வருவதில்லை, கீழிருந்து மேலே ஏறுகிறது. உத்தரகாண்டின் மாநில மரமான புரான்ஷ் கீழ்ச் சரிவுகளில் முதலில் சிவக்கும், அப்புறம் மெல்ல மேலே வரும். உயரம் கூடக்கூடப் பூவின் சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பாவதையும் கவனிக்கலாம். சோப்தா சுமார் 2,700 மீட்டர், துங்கநாத் சுமார் 3,680. நடுவே உள்ள பாதை நாலு கிலோமீட்டர்கூட இல்லை. நீங்கள் போகும் சமயத்தில் கீழே காடு பூத்திருக்க, மேலே பாதையோரம் பனி மிச்சமிருக்க வாய்ப்பு அதிகம். எந்த உயரத்தில் எது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன முதல் நாளே ஏறி இறங்கி, பனி முடிந்து பச்சை தொடங்கும் அந்த எல்லை எங்கே என்று பார்த்து வையுங்கள். உங்கள் படங்கள் பெரும்பாலும் அந்த எல்லையைச் சுற்றித்தான் கிடைக்கும்: உருகும் பனிக்கு நடுவே எட்டிப் பார்க்கும் போன வருடப் புல், பனியில் விழுந்து கிடக்கும் சிவப்பு இதழ், பூத்த கிளைக்குப் பின்னால் மங்கலாக ஒரு வெள்ளைச் சிகரம். சிகரம் எல்லாப் படத்திலும் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் மூலையில் இருக்கட்டும்.

அடுத்தது வெளிச்சம். அதற்குத் திசை தெரிய வேண்டும். சோப்தாவிலிருந்து பார்த்தால் சௌகம்பா ஏறக்குறைய வடக்கே இருக்கிறது, சற்றுக் கிழக்கே சாய்ந்து. ஏப்ரல் நடுவில் அங்கே சூரியன் காலை 5.50 வாக்கில், கிழக்குக்குக் கொஞ்சம் வடக்கே தள்ளி உதிக்கும். ஆக, காலையில் சிகரத்தின் மேல் வலப்பக்கமிருந்து வெயில் விழுகிறது. மடிப்புகளில் நிழல் தங்கி, மலைக்கு உடம்பு வருகிறது. மாலையில் இதே கதை இடப்பக்கமிருந்து. நடுப்பகலில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று நேராக அடிக்கும். நிழலே இருக்காது, சிகரம் வெட்டி ஒட்டிய காகிதம்தான். மணாலிப் படங்களை எடுத்த நேரம் என்ன என்று கணினியில் பாருங்கள். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவேதான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

சிகரம் உயரமானது என்பதால் உங்களுக்கு முன்பே அது சூரியனைப் பார்த்துவிடும். உச்சியில் விழும் முதல் சிவப்பு சில நிமிடங்கள்தான் நிற்கும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே ட்ரைபாடை நிறுத்தியிருக்க வேண்டும். இதற்காக எல்லாரும் இருட்டில் சந்திரசிலா ஏறுவார்கள். அது சுமார் 4,000 மீட்டர். ஏப்ரலில் துங்கநாத்துக்கு மேலே பனி இறுகிக் கிடந்தால் வழுக்கும், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் வேண்டாம். மேலே தலைவலியும் வாந்தி உணர்வும் வந்தால் படத்தை மறந்துவிட்டு இறங்குங்கள். சோப்தாவின் புல்வெளியிலிருந்தே முதல் வெளிச்சத்தை நன்றாகப் பிடிக்கலாம். சந்திரசிலாப் படம் எல்லாரிடமும் இருக்கிறது என்பதும் ஒரு காரணம்.

ஏப்ரலில் இன்னொன்றும் உண்டு. சமவெளித் தூசியும், கீழே பைன் காடுகளில் பிடிக்கும் தீயின் புகையும் சேர்ந்து பகலில் மூட்டம் போட்டுவிடும். சில நாள் மதியத்துக்கு மேல் சிகரமே தெரியாது. மழை பெய்தால் வருத்தப்படாதீர்கள், மறுநாள் காலை காற்று கழுவி விட்டாற்போல இருக்கும். மூட்டமான மாலையில் சூரியன் இருக்கும் பக்கம் திரும்பி 250 மி.மீ.யில் பாருங்கள்: ஒன்றன்பின் ஒன்றாக மலை முகடுகள், பின்னால் போகப் போக வெளுத்துக்கொண்டே. ஐந்து முகடு வேண்டாம், மூன்று போதும். வானத்தை வெட்டிவிடுங்கள்.

சாம்பல் பனிக்கு வருவோம். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கும். படம் நிறையப் பனி என்றால் அதையும் இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 வரை ஏற்றுங்கள். ஆனால் பாதிப் படம் இருண்ட காடு, மேலே வெயில் பட்ட பனி என்றால் கதை தலைகீழ். மீட்டர் காட்டை நம்பிப் பனியை எரித்துவிடும், அப்போது இறக்க வேண்டும். புரான்ஷ் பூ இன்னும் விவகாரமானது. அந்த அடர்சிவப்பில் மொத்த வெளிச்சம் சரியாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் எல்லை தாண்டிப் போய், இதழ்களின் கோடு மடிப்பெல்லாம் அழிந்து, சாயம் கொட்டிய திட்டாகிவிடும். எடுத்த படத்தைத் திரையில் பார்த்து இன்ஃபோ பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி வரைபடமாக வரும். சிவப்பு வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் 2/3 குறைத்து மறுபடி எடுங்கள். ரா கோப்பாக (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் வடிவம்) எடுப்பது இதற்காகவே அவசியம்.

பூவுக்கு வெயிலே ஆகாது. மேகம் மூடிய பகல், மழை விட்ட அரை மணி, இவைதான் பூக்காட்டுக்கு நேரம். புரான்ஷ் இலை தடித்துத் தோல் போல இருக்கும். ஈரத்தில் வானத்தைப் பிரதிபலித்து வெள்ளையாக மின்னும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஒரு போலரைசர் (லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டர்) வாங்குங்கள். உங்கள் கேமராவோடு வரும் எஸ்டிஎம் லென்ஸ்கள் இரண்டுக்கும் 58 மி.மீ. அளவுதான், ஒன்றே போதும். லென்ஸின் முன் விளிம்பில் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதைச் சுழற்றினால் இலையின் மினுமினுப்பு அடங்கி நிறம் வரும். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் வானத்தையும் இது ஆழமாக்கும். காலையில் சௌகம்பா இருப்பது ஏறக்குறைய அந்தத் திசையிலேதான். 18 மி.மீ.யில் மட்டும் வானம் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளுப்பு என்று திட்டாகலாம், பாதி சுழற்றினால் போதும்.

முன்னால் பூ, பின்னால் மலை, இரண்டும் தெளிவாக வேண்டுமா? 18 மி.மீ., அபர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) எஃப் 11 வைத்து, சுமார் ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். 80 செ.மீ. முதல் கடைசி மலை வரை ஏற்கும்படி தெளிவாக வரும். எஃப் 22க்குப் போகாதீர்கள், படம் மொத்தமாக மென்மையாகிவிடும்.

ஒரு காலையை தேவரியா தால் என்ற ஏரிக்கு ஒதுக்குங்கள். சாரி கிராமத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் ஏற்றம், 2,438 மீட்டரில் ஏரி. சௌகம்பா தண்ணீரில் தெரிவது காற்று எழும்பும் வரைதான். எடிட் செய்யும்போது ஒன்று கவனியுங்கள்: தண்ணீரில் தெரியும் மலை, மேலே இருக்கும் மலையைவிட எப்போதும் சற்று இருட்டாகத்தான் இருக்கும். அதை அதிகம் வெளுக்க வைத்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ இடறும்.

சரி, கற்றுக்கொள்வது எப்படி? ஐந்து நாளில் ஐந்து இடம் ஓடாதீர்கள். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, காலை, மதியம், மாலை அதனிடமே போங்கள். ஒரு மணி நேரம் அதை விட்டு நகராமல், ஒன்றுபோல் ஒன்று இல்லாத பத்துப் படம் எடுங்கள். முதல் நாலு சுலபமாக வரும். ஐந்தாவதில் வெறுப்பு வரும். அதற்கப்புறம்தான் குனிவீர்கள், மரத்துக்குப் பின்னால் போவீர்கள், வேரையும் உதிர்ந்த பூவையும் பார்ப்பீர்கள். நண்பர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள் என்பதால் ஒரு நாளையாவது தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன்பே பழகவும் வழி இருக்கிறது: திருப்பூரிலிருந்து நீலகிரி பக்கம்தானே, புரான்ஷின் நெருங்கிய உறவான காட்டுப்பூவரசு தொட்டபெட்டாப் பக்கம் சோலையோரங்களில் நிற்கிறது. பூ இல்லாவிட்டாலும் அந்தத் தோல் இலையில் போலரைசரைப் பழகலாம்.

பேட்டரி குளிரில் சீக்கிரம் உட்காரும், உபரி ஒன்றை உள்சட்டைப் பையில் வையுங்கள். ட்ரோன் யோசனை இருந்தால் விடுங்கள், அது கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயப் பகுதி, அனுமதி வேண்டும். எடிட்டிங்குக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், கேனனே இலவசமாகத் தரும் டிஜிட்டல் ஃபோட்டோ ப்ரொஃபெஷனல் மென்பொருள் போதும். அதில் முதலில் வைட் பேலன்ஸை (படத்தின் நிறச் சாய்வு) சரிசெய்யுங்கள். நிழலில் உள்ள பனி இயல்பாகவே நீலமாக இருக்கும், அதை முழுதாக எடுத்துவிடாமல் கொஞ்சம் விட்டு வையுங்கள். சாச்சுரேஷனை (நிறச் செறிவு) மட்டும் தொடாதீர்கள். அந்தச் சிவப்பு ஏற்கெனவே விளிம்பில்தான் நிற்கிறது.