பெட்டிச் சாப்பாட்டுக்கு வீட்டு மாற்று

கேள்வி: வேலை முடிந்து வந்தால் நின்று சமைக்கத் தெம்பில்லை. வாரத்தில் பாதி நாள் பெட்டியில் வரும் மக்ரோனிதான். கூடக் கொஞ்சம் கொத்துக்கறி சேர்த்தால் நான்கு பேருக்கும் இரவுச் சாப்பாடு முடிந்தது. பிள்ளைகளுக்கு அந்தச் சுவை பழகிவிட்டது. அதையே உடம்புக்கு நல்லதாக வீட்டில் செய்ய முடியுமா?
– ஒரு வாசகி

பதில்: தாராளமாக. ஆனால் அந்தப் பெட்டியைத் திட்டித் தீர்க்க என்னால் ஆகாது. எல்லாம் ஒரே சட்டியில் வேகும் வசதி அருமையானது, அதை விடாதீர்கள். விட வேண்டியது உள்ளே இருக்கும் பொடிப் பொட்டலத்தை மட்டும்.

பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். சோடியம் 800 மில்லிகிராம் என்று இருந்தால் 2.5ஆல் பெருக்குங்கள்: 2 கிராம் உப்பு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளுக்கே 5 கிராமுக்குக் குறைவாக இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெட்டியில் போட்டிருக்கும் சோடியம் கணக்கும் ஒரு பங்குக்குத்தான். பெட்டியில் ஐந்து பங்கு என்று போட்டிருப்பார்கள், நீங்கள் நால்வரும் அதைக் காலி செய்துவிடுவீர்கள்!

இனி சமையல். நறுக்கிய வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, 400 கிராம் கொத்துக்கறியைச் சேர்த்து நிறம் மாறும்வரை கிளறுங்கள். கறியில் பாதியைக் குறைத்துப் பொடியாக நறுக்கிய காளானைப் போட்டால் பிள்ளைகள் கண்டுபிடிப்பது கடினம். இரண்டு கரண்டி தக்காளி விழுது, மிளகாய்த்தூள், மிளகு, அரை டீஸ்பூன் உப்பு, 250 கிராம் மக்ரோனி, 700 மில்லி தண்ணீர். கொதித்ததும் தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். நடுவில் ஓரிரு முறை அடிவரை கிளறுங்கள். தண்ணீரை வடிக்கக் கூடாது. மக்ரோனியின் மாவுச்சத்து அதில்தான் இறங்கியிருக்கும், குழம்பு கெட்டிப்படுவது அதனால்தான்.

பாலைத் தொடக்கத்திலேயே ஊற்றிவிடாதீர்கள். தக்காளியின் புளிப்போடு சேர்ந்து கொதித்தால் திரிந்துபோகும். வெந்தபின் அடுப்பை அணைத்து அரைக் கப் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் கழித்து, துருவிய சீஸ் 100 கிராமைப் பிடிப்பிடியாகத் தூவிக் கலக்குங்கள். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் சீஸ் நூல்நூலாகச் சுருண்டு எண்ணெய் தனியாக மிதக்கும். பெட்டிப் பொடிகள் பலவற்றில் இதைத் தடுக்கவே பாஸ்பேட் உப்புகள் சேர்க்கிறார்கள். துருவியே விற்கும் சீஸ் வேண்டாம். ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பதால் குழைவு வராது.

இப்படிச் செய்தால் ஒரு தட்டுக்கு உப்பு ஒன்றரை கிராமுக்குள் நிற்கும். வீட்டில் செய்ததுதானே என்று சீஸை இரட்டிப்பாக்கினால் என்னைக் கேட்காதீர்கள். சீஸிலும் உப்பு உண்டு. பிள்ளைகள் முகம் சுளித்தால் முதலில் பாதிப் பொட்டலமும் பாதி உங்கள் மசாலாவுமாகப் போட்டுப் படிப்படியாக மாற்றுங்கள்.

கேள்வி: இதற்கான பொடியை முன்னதாகவே செய்து வைக்கலாமா?
– இன்னொரு வாசகர்

பதில்: வைக்கலாம். வெங்காயப்பொடி, பூண்டுப்பொடி, மிளகாய்த்தூள், மிளகுத்தூள் எல்லாவற்றையும் ஈரமில்லாத பாட்டிலில் கலந்து வையுங்கள். உப்பை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம், அதைச் சமைக்கும்போது அளந்து போடுங்கள்.