வெளி ஷெட்டில் மட்டும் கரண்ட் இல்லை: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ராமமூர்த்தி நகர்: அண்ணா, வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு தையல் மெஷின் வைத்திருக்கிறோம். நேற்று மழைக்கு அப்புறம் அங்கே மட்டும் கரண்ட் இல்லை. எங்கிருந்து பார்ப்பது?

ஷெட்டுக்குப் போகிற லைனில் எது இறங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எம்சிபி (லோடு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்) இறங்கியிருந்தால் லோடு அதிகம், அல்லது ஷார்ட். ஷெட்டுக்கென்று தனி ஆர்சிசிபி (கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருந்து அது இறங்கியிருந்தால், கரண்ட் எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அந்த அளவு கசிவுக்கே இறங்கிவிடும்.

அடுத்து, ஷெட்டில் உள்ள எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்ச் பேஸை (கரண்ட் வரும் வயரை) மட்டும்தான் துண்டிக்கும். மெஷினுக்குள் நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்) எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஆர்சிசிபி அப்போதும் நிற்காது. பிடுங்கிய பிறகு, இறங்கியதை மேலே தூக்கினால் நிற்கிறதா? அப்படியென்றால் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள், எதைச் செருகும்போது இறங்குகிறதோ அதுதான் கோளாறு. எதுவும் செருகாமலே இறங்கினால் கேபிளிலோ ஜங்ஷன் பாக்ஸிலோ தண்ணீர். மழைக்கு அடுத்த நாள் என்பதால் எனக்கு வெளிச்சுவரில் இருக்கும் பாக்ஸ் மேல்தான் சந்தேகம். மெயினை அணைத்துவிட்டுத் திறக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். ஈரத்தைத் துடைத்து மறுபடி டேப் சுற்றினால் அடுத்த மழை வரைக்கும்தான் தாங்கும். மழை தாங்கும் பாக்ஸாக மாற்றி, கேபிளை அடிப்பக்கமாக நுழைக்க வேண்டும். மேலிருந்து நுழைத்தால் கேபிள் வழியே தண்ணீர் உள்ளே இறங்கும்.

ஹொரமாவு: எதுவும் ட்ரிப் ஆகவில்லை. பிளக் பாயிண்டில் டெஸ்டர் எரிகிறது, ஆனால் லைட், ஃபேன் எதுவும் ஓடவில்லை.

நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. டெஸ்டர் பேஸ் இருப்பதை மட்டும்தான் காட்டும். மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் பக்கமாக வந்து, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒன்றும் வராவிட்டால் உறுதி. நியூட்ரல் பாரில் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், நடுவில் ஜாயிண்ட் விட்டிருக்கும், அல்லது எலி கடித்திருக்கும். லைட் சுவிட்ச் போட்ட நிலையில் இருந்தால், பல்பு வழியாக நியூட்ரல் வயருக்கும் பேஸ் வந்து நிற்கும்; நியூட்ரல்தானே என்று கை வைக்காதீர்கள். எர்த்தையே நியூட்ரலாகப் போட்டுக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அனுமதிக்கவே கூடாது. அந்த எர்த் ஒருநாள் விட்டால் மெஷின் பாடி முழுக்க ஷாக் அடிக்கும்.

அல்சூர்: ஆர்சிசிபி அடிக்கடி இறங்குகிறது என்று எலக்ட்ரீஷியன் அதை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்துவிட்டார். இப்போது நன்றாக ஓடுகிறது. அப்படியே விடலாமா?

விடாதீர்கள். இன்றே ஷெட் லைனை அணையுங்கள். கசிவு அப்படியே இருக்கிறது, அதைச் சொல்லிக்கொண்டிருந்த கருவிதான் போய்விட்டது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஒருவர் தகரத்தைத் தொட்டால் உயிரே போகலாம். வேறு ஆளைக் கூப்பிட்டு, மெக்கர் என்ற மீட்டரை வைத்து கேபிளின் இன்சுலேஷனைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபி திரும்ப வந்த பிறகுதான் லைனைப் போட வேண்டும்.

கே.ஆர். புரம்: ஷெட்டில் 1 ஹெச்பி கம்ப்ரஸர். ஸ்டார்ட் ஆகும்போது லைட் மங்குகிறது, சில நேரம் எம்சிபி விழுகிறது. வீட்டிலிருந்து 30 மீட்டர், 1.5 ஸ்கொயர் எம்எம் வயர்.

வயர் பத்தவில்லை. போக வர 60 மீட்டர். அந்த அளவு செம்பு வயரில் சுமார் 0.7 ஓம் ரெசிஸ்டன்ஸ் வரும். ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் 40 ஆம்பியர் இழுத்தால் 28 வோல்ட் வழியிலேயே போய்விடும். மோட்டார் திணறும், எம்சிபி விழும். 4 ஸ்கொயர் எம்எம் போட்டால் அது 11 வோல்ட்டுக்கு இறங்கும். வயரை மாற்றாமல் பெரிய எம்சிபி மட்டும் போட்டால் வயர்தான் எரியும்.

விவேக் நகர்: மூன்று பேஸ் கனெக்ஷன். ஷெட்டும் மேல் மாடியும் மட்டும் இல்லை, கீழே எரிகிறது.

ஒரு பேஸ் போயிருக்கிறது. பக்கத்து வீட்டிலும் இப்படியா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் பெங்களூரு மின் விநியோக நிறுவனமான பெஸ்காமுக்கு 1912-இல் புகார் கொடுங்கள். இல்லையென்றால் உங்கள் மெயினில் அந்த பேஸின் ஃபியூஸைப் பார்க்க ஆள் வரவேண்டும்.