ஒரு உருவத்தைச் சுற்றி ஒளி பரவுவது போல போட்டோஷாப்பில் எப்படிச் செய்வது? அவுட்டர் குளோ போட்டால் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கிறதே?

லேயர் ஸ்டைலுக்குள் (ஒரு லேயருக்கு, அதாவது படத்தின் ஒரு அடுக்குக்கு, எஃபெக்ட் போடும் இடம்) போய் அவுட்டர் குளோவை டிக் செய்து, சைஸைக் கூட்டிக் கூட்டிப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு கூட்டினாலும் உருவத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் பட்டை தடிக்குமே தவிர, ஒளி வராது.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறேன். கோயில் கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா பேனர்கள்தான் முக்கியமான வேலை. சாமியைச் சுற்றி ஒளி வரவைப்பதில் சுற்றுவட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை.

கருவறையில் தீபாராதனை காட்டும்போது கவனித்துப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கற்பூரத் தட்டைத் தூக்கியதும் சாமியின் கன்னத்தில், கிரீடத்தின் ஓரத்தில், கையில் இருக்கும் அரிவாள் விளிம்பில் எல்லாம் வெளிச்சம் ஏறும். சுற்றிலும் இருட்டு இருக்கும். இருட்டு, சுடர், உருவத்தின் மேல் விழும் வெளிச்சம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் கண் நம்பும். அவுட்டர் குளோ இதில் சுடரை மட்டும்தான் தரும். அதையும் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனில் தரும்.

ஒரு சித்திரைக் கொடைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கோயில் கமிட்டி அண்ணாச்சி ஒருவர் வேறொரு கடையில் அடித்த பேனரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். சுடலைமாடன் படம். பின்னால் வெள்ளை மேகமும் வெளிர் நீல வானமும். சாமியைச் சுற்றி மஞ்சள் குளோ போட்டிருந்தார்கள், ஆனால் மேகம் இருந்த இடத்தில் அது காணாமலே போயிருந்தது. “எங்க மாடன் ஜொலிக்க வேண்டாமா தம்பி? வெட்டி ஒட்டுன மாதிரில்லா நிக்குது” என்றார். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, வருத்தம். வரி பிரித்துச் செய்யும் கொடை அது.

காரணம் ரொம்ப எளிது. ஒரு லேயர் கீழே இருப்பதோடு எப்படிக் கலக்க வேண்டும் என்பதைச் சொல்வதுதான் மோட். அவுட்டர் குளோ தானாகவே ஸ்கிரீன் மோடில்தான் வரும். ஸ்கிரீன் என்பது கீழே இருக்கும் நிறத்தை வெளுப்பாக்க மட்டும் தெரிந்த மோட். கறுப்பின் மேல் போட்டால் உங்கள் மஞ்சள் முழுதாகத் தெரியும். வெள்ளையின் மேல் போட்டால் அதற்கு மேல் வெளுக்க இடமே இல்லை, ஒன்றும் தெரியாது.

அதனால் முதல் வேலையாக வானத்தை எடுத்துவிட்டு, கருஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த இருட்டை வைத்தேன். முழுக் கறுப்பு வைக்கவில்லை. கொஞ்சம் நிறம் உள்ள இருட்டில்தான் ஒளி கரைந்து போவது அழகாக இருக்கும். போட்டோவை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன், சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி, ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக வந்துவிடும். அப்புறம் பென் டூலால் ஓரத்தைக் கோடு போட்டு உருவத்தை வெட்டி எடுத்தேன். ஒரு கிளிக்கில் உருவத்தைப் பிடித்துத் தரும் வசதி 2018-லேயே போட்டோஷாப்பில் வந்துவிட்டது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் மாலையும் சந்தனக்காப்பும் பட்டும் ஒன்றோடு ஒன்று கலந்து கிடக்கும் சிலையில் அது தடுமாறும். ஓரம் சுத்தமாக இல்லை என்றால் பின்னால் போடும் ஒளி அந்தக் குறையைத்தான் முதலில் காட்டிக் கொடுக்கும்.

இனி ஒளி. சாமி லேயரின் சின்னப் படத்தில் கன்ட்ரோலை அழுத்திக் கிளிக் செய்தால் உருவம் செலக்ட் ஆகும். அதற்குக் கீழே புது லேயர் எடுத்து, நிறம் நிரப்பி, செலக்‌ஷனை விட்டுவிட்டு காஸியன் பிளர் (ஓரத்தைக் கரைத்து மங்கலாக்கும் ஃபில்டர்) கொடுங்கள். இதையே மூன்று லேயராகச் செய்ய வேண்டும். ஒன்று ஓரத்தை ஒட்டி, கிட்டத்தட்ட வெள்ளையான மஞ்சளில், குறைந்த பிளர். அடுத்தது ஆரஞ்சில், அதைவிட மூன்று நான்கு மடங்கு பிளர். கடைசியானது கருஞ்சிவப்பில், படத்தின் பாதி அளவுக்குப் பரவும் பிளர். முதல் இரண்டுக்கும் லீனியர் டாட்ஜ் (ஸ்கிரீனைவிடப் பலமாக வெளுக்கும் மோட்), கடைசிக்கு ஸ்கிரீன். ஏன் மூன்று என்றால், நிஜ வெளிச்சம் மூலத்துக்குப் பக்கத்தில் சட்டென்று விழும், ஆனால் தூரத்தில் மெல்லியதாக வெகுதூரம் நீளும். ஒரே பிளரில் இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

மூன்றையும் ஒரு குரூப்பில் போட்டு, மாஸ்க் (வேண்டாத இடத்தை மறைக்கும் திரை) வைத்து, பெரிய மென்மையான பிரஷ்ஷால் அங்கங்கே அழியுங்கள். தலைக்குப் பின்னாலும் தோளிலும் ஒளி கூடுதலாக இருக்கட்டும், இடுப்புக்குக் கீழே குறையட்டும். நான் மாடனின் கையில் இருக்கும் வல்லயத்து (ஈட்டி) நுனியில் மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்தேன். காலடியில் தரையிலும் ஒரு நீள்வட்டமாக ஆரஞ்சு விழ வேண்டும், இல்லாவிட்டால் உருவம் காற்றில் மிதக்கும்.

பலரும் விட்டுவிடும் இடம் இனிமேல்தான். சாமி லேயருக்கு மேலே ஒரு லேயர், கிளிப்பிங் மாஸ்க் (தடவுவது சாமி உருவத்துக்கு வெளியே போகாமல் இருக்க), ஸ்கிரீன் மோட். அதில் ஆரஞ்சு பிரஷ்ஷால் ஓரங்களை மட்டும் தடவுங்கள். காது ஓரம், தோள், மாலையின் வெளிப்பூக்கள், மீசை நுனி. ஒளி பின்னால் இருக்கிறது என்றால் முன்பக்கம் கொஞ்சம் இருண்டிருக்க வேண்டும், அதற்குக் கர்வ்ஸில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) லேசாக இறக்கினேன். முகத்தை மட்டும் இறக்கவில்லை. கணக்குப்படி இறக்கத்தான் வேண்டும். ஆனாலும் கொடைக்கு வருகிறவர்கள் முகத்தைத்தான் தேடுவார்கள்.

அண்ணாச்சியின் மருமகன் சினிமா போஸ்டர் போல நீல ஒளி கேட்டார். திரையில் பளிச்சென்று இருக்கும் நீலமும் ஊதாவும் நாலு கலர் மையில் மங்கிவிடும், மஞ்சளும் சிவப்பும்தான் தாக்குப்பிடிக்கும் என்று கன்ட்ரோல் ஒய் அழுத்தி, அச்சில் நிறம் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே காட்டினேன். உடனே ஒத்துக்கொண்டார்.

பெரிய அளவுக்கு அடிப்பதாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். இருட்டிலிருந்து மங்கிய சிவப்புக்குப் போக அதில் 50 படிகள்தான் செலவாகிறது என்றால், 10 அடி பேனரில் ஒவ்வொரு படியும் இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமாக வரும். ஒளி வளையம் வளையமாகத் தெரிவது அதனால்தான். 16 பிட்டில் வேலை செய்துவிட்டு, கடைசியில் ஒன்றிரண்டு சதவீதம் நாய்ஸ் (பொடிப்பொடியான புள்ளிகள்) சேர்த்தால் போய்விடும்.

ஏஐயிடம் ஒரு வரி எழுதினால் வந்துவிடுமே, இவ்வளவு பாடு எதற்கு என்று யாராவது கீழே எழுதுவார்கள். வரும், நானும் பார்த்திருக்கிறேன். ஒளி அழகாகத்தான் இருக்கும், ஆனால் சாமியின் முகம் மாறியிருக்கும். அந்த ஊர் மாடனுக்கு மீசை எந்தப் பக்கம் முறுக்கியிருக்கும் என்பது அந்த ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்யலாமா என்றால் தாராளமாகச் செய்யலாம், இதே லேயர்கள், இதே பிளர், காசும் இல்லை. கோவில்பட்டியில் இருந்த காலண்டர் ஓவியர் கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் எந்த மென்பொருளும் இல்லாமல் சாமிக்கு ஒளி வரைந்தார்கள். அவர்கள் படம் வைத்த பழைய சிவகாசிக் காலண்டர் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நான் வெளிச்சத்தைப் படித்ததே அப்படிப்பட்ட காலண்டர்களில்தான்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் தொழிலில் சதுர அடிக்குத்தான் காசு. அச்சடித்தால் டிசைன் இலவசம் என்று கடைக்குக் கடை எழுதி வைத்துவிட்டார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து மாலையின் ஒவ்வொரு பூவுக்கும் ஓரம் தடவுகிறவனுக்கும், இணையத்தில் எடுத்த டெம்ப்ளேட்டில் பெயர் மாற்றுகிறவனுக்கும் ஒரே கூலி. போதாததற்கு, “பிஎஸ்டியை அனுப்பிவிடுங்கள், அடுத்த வருஷம் தேதி மட்டும் மாத்திக்கிடுவோம்” என்று லேயரெல்லாம் தனித்தனியாக இருக்கும் மூலக் கோப்பையே கேட்பார்கள். தச்சரிடம் கட்டில் வாங்கினால் உளியையும் சேர்த்துக் கேட்போமா? இதைச் சொன்னால் கறாரானவன் என்கிறார்கள். பரவாயில்லை. அந்த அண்ணாச்சி மட்டும் கேட்காமலே டிசைனுக்கு என்று தனியாக எடுத்து வைத்தார்.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். பின்னணி என்ன நிறம் என்று நீங்கள் சொல்லவில்லை. வெள்ளைதான், மாற்றவே முடியாது என்றால் ஸ்கிரீன், லீனியர் டாட்ஜ் இரண்டையும் விட்டுவிடுங்கள். பின்னணி முழுக்க லேசான பழுப்போ சாம்பலோ ஏற்றி, ஓரங்களை இன்னும் கொஞ்சம் இறக்கி, உருவத்தைச் சுற்றி மட்டும் பழைய வெள்ளையை அப்படியே விட்டுவையுங்கள். அந்த வெள்ளையே ஒளியாகத் தெரியும். உருவத்தின் ஓரங்களையும் அதே வெள்ளையால் லேசாகத் தடவ மறக்க வேண்டாம்.