பிள்ளை கல்லூரியில்: வரியில் எதைக் கழிக்கலாம்?

மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள், ஃபீஸையும் கல்விக்கடனையும் வருமான வரியில் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பழைய வரிமுறையா புதியதா என்று பாருங்கள், புதியதில் இரண்டுமே கிடையாது. ஆனால் 2025-26 நிதியாண்டுக்கு உங்கள் வருமானம் சம்பளம் மட்டும்தான், அதுவும் 12.75 லட்சத்துக்குள் என்றால் அங்கே வரியே இல்லை, கழிவைத் தேடி அலையவே வேண்டாம்.

பழையதில் வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் மொத்தமாகக் கழிக்கக்கூடிய 1.5 லட்சத்துக்குள் டியூஷன் ஃபீஸை மட்டும் காட்டலாம். ஹாஸ்டல், பஸ், நன்கொடை எதுவும் சேராது. கல்விக்கடன் வட்டிக்கு 80இ பிரிவு, உச்சவரம்பே இல்லை, வட்டி கட்டத் தொடங்கியதிலிருந்து 8 வருடம் வரை.

அப்புறம் ஒன்று, கடன் மகள் பெயரில் மட்டும் இருந்தால் நீங்களே வட்டி கட்டினாலும் உங்களுக்குக் கழிவு வராது, அதனால் கையெழுத்துப் போடும் முன்பே உங்களையும் கடன்தாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள்.