செவ்வரத்தைக்கு எத்தனை லீட்டர்?

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "பல்கனிச் சாடியில் செவ்வரத்தை வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் தண்ணீர் விட்டும் இலை மஞ்சளாகி வாடுகிறது, மொட்டும் கொட்டுகிறது. தெகிவளையில் அம்மா வீட்டு முற்றத்தில் நிற்கும் செடிக்கு யாரும் தண்ணீர் விடுவதில்லை. அது நிறையப் பூக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை லீட்டர் தேவை?"

உங்கள் செடிக்குத் தண்ணீர் கூடிவிட்டது என்றே நினைக்கிறேன். ஈரம் வடியாத மண்ணில் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. அழுகத் தொடங்கிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் மண் நனைந்திருக்கும்போதே செடி வாடும். அதைத் தாகம் என்று எண்ணி நாம் இன்னொரு செம்பு ஊற்றிவிடுகிறோம்.

இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் விட வேண்டாம். அதைவிட நம்பகமானது சாடியைத் தூக்கிப் பார்ப்பது. நன்றாக நனைத்து வடிந்ததும் ஒரு தடவை தூக்குங்கள், காய்ந்தபின் ஒரு தடவை தூக்குங்கள். ஒரு வாரத்தில் கைக்கே வித்தியாசம் தெரிந்துவிடும். மத்தியான வெயிலில் தொய்ந்த இலை மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை. காலையிலேயே தொய்ந்திருந்து, சாடியும் பாரமாக இருந்தால், செடியை மெல்ல வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். கறுத்துக் குழைந்த வேரை வெட்டிவிட்டு, மணலும் தும்புத்தூளும் கலந்த புது மண்ணில் நடலாம்.

சரி, லீட்டர் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லீட்டர். கொழும்பில் வெயில் நாளில் ஏறத்தாழ 4 மி.மீ. ஆவியாகிறது, பூச்செடிப் புதர்களுக்கு அதில் பாதியளவு போதும். 1 மீட்டர் அகலம் படர்ந்த செடி மூடும் பரப்பு சுமார் 0.8 சதுர மீட்டர். அப்படியானால் 1.6 லீட்டர், பூக்கும் காலத்தில் 2 என்று வைத்துக்கொள்ளலாம். அரை மீட்டர் அகலச் செடிக்கு இதில் பாதி என்று பலர் நினைப்பார்கள். பரப்பு நாலில் ஒன்றாகக் குறைவதால் அரை லீட்டரே போதும். கடற்காற்று நேரே அடிக்கும் பல்கனியில் கொஞ்சம் கூடும். எப்படியானாலும் கடைசி வார்த்தை சாடியின் பாரத்துக்குத்தான்.

அம்மாவின் செடி வேரைத் தூரம் பரப்பித் தேடிக்கொள்கிறது. கொழும்பில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை. மே தொடங்கித் தென்மேல் பருவமழையும், ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழையும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. ஜனவரி, பெப்ரவரியில் மட்டும் வாரம் இரண்டு தடவை ஆழமாக நனைக்கச் சொல்லுங்கள். உங்கள் சாடிக்கோ மேல்மாடித் தளம் கூரை. வெளியே கொட்டும் மழை அதற்குக் கிடைக்காமல் போகலாம், ஆகவே வானத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

சாடிக்குக் கீழே தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். தேங்கும் தண்ணீர் வேருக்கும் கேடு, டெங்கு நுளம்புக்கும் இடம். அப்புறம், கொட்டிய மொட்டு ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே சின்னப் புழு இருந்தால் தண்ணீரைத் திருத்தினாலும் மொட்டு நிற்காது. விழுந்த மொட்டுகளை உடனுக்குடன் பொறுக்கி, பையில் கட்டி அகற்ற வேண்டும்.