குப்பைமேடும் கிணற்றுநீரும்: ராமநாதபுரம் கடலோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (தங்கச்சிமடம்): எங்கள் கிணற்றிலிருந்து 150 மீட்டர் தொலைவில் குப்பை கொட்டுகிறார்கள். இரண்டு ஆண்டுகளாகத் தண்ணீர் உவர்க்கிறது. காரணம் கடலா, குப்பையா?

பதில்: உவர்ப்பை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க இயலாது, கடல்நீரும் குப்பையிலிருந்து வடியும் கசிவுநீரும் உவர்ப்பைத் தரும் குளோரைடைக் கூட்டுபவையே. பாம்பன் தீவின் மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மோட்டார் வைத்து அளவுக்கு மீறி இறைத்தால் குப்பையே இல்லாத இடத்திலும் உப்புநீர் மேலேறிவிடும். ஆகவே ஆய்வகத்தில் உப்பளவோடு நிறுத்திக்கொள்ளாமல், அம்மோனியா, நைட்ரேட், பொட்டாசியம், காரீயம், காட்மியம் ஆகியவற்றையும் சோதித்துத் தரும்படி கேளுங்கள். கடல்நீரில் அம்மோனியா மிகக் குறைவு. குப்பைக் கசிவில் மிக அதிகம். ஆயினும் கழிவறைத் தொட்டியிலிருந்தும் அது வரக்கூடும் என்பதால், நிலத்தடி நீர் குப்பைமேட்டை வந்தடைவதற்கு முந்தைய பக்கத்தில் உள்ள ஒரு கிணற்றிலிருந்தும் அதே நாளில் மாதிரி எடுத்து ஒப்பிடுவது இன்றியமையாதது. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு அம்மோனியா 0.5 மில்லிகிராமும், நைட்ரேட் 45 மில்லிகிராமும், காரீயம் 0.01 மில்லிகிராமும் தாண்டக் கூடாது. முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகுமே தவிர, உலோகமும் நைட்ரேட்டும் நீங்கா. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடவே செய்யும்.

கேள்வி (சாயல்குடி): குப்பைக் கிடங்குக்காகக் கடலோரப் புறம்போக்கு ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். மே மாதத்தில் இரண்டரை மீட்டர் தோண்டியும் தண்ணீர் வரவில்லை. இந்தச் சோதனை போதுமா?

பதில்: போதாது. நம் மாவட்டத்தின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. நிலத்தடி நீர் எவ்வளவு உயரும் என்பதை மார்கழியில் அளந்தால்தான் தெரியும். 2016 ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்த அளவுகோலின்படி, கிடங்கின் அடியில் பரப்பும் களிமண் படுகைக்குக் கீழே, நீர்மட்டம் மிக உயரும் காலத்திலும் 2 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அப்படுகை 90 சென்டிமீட்டர் கனமும், அதன்மேல் விரிக்கும் பிளாஸ்டிக் படலம் 1.5 மில்லிமீட்டர் கனமும் கொண்டிருக்க வேண்டும். குளம், குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர் விலகியிருப்பதும் கட்டாயம். கடலோரப் பணிகளுக்குச் சட்டம் வரம்பு கட்டியுள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் கிடங்கு கூடவே கூடாது. கடலோர மணற்பட்டையில் இவ்வளவும் ஒருசேரப் பொருந்தும் இடம் கிடைப்பது மிக அரிது என்பது என் உறுதியான கருத்து.

அதற்காக உள்நாட்டுக் கரிசலை நம்பிவிடவும் வேண்டாம். கோடையில் அது வெடிக்கும். முதல் மழையின் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகவே கீழே இறங்கும். கண்மாயின் நீர்ப்பிடிப்பில் கிடங்கு அமைந்தால், மறுகால் பாயும்போது அந்த அழுக்கு அடுத்தடுத்த கண்மாய்களுக்கும் போய்ச் சேரும். எங்கே கொட்டுவது என்று கேட்பதற்கு முன்னால், எதைக் கொட்டப்போகிறோம் என்று கிராம சபையில் கேளுங்கள். கசிவுநீரைப் பெருக்குவது சமையல் கழிவும் மீன் கழிவுமே. அவை அழுகும்போது உண்டாகும் அமிலம்தான் பேட்டரியிலிருந்தும் பெயிண்டிலிருந்தும் உலோகங்களைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. மட்கும் கழிவு முழுவதும் வீட்டு வாசலிலேயே பிரிந்து உரக்கூடத்துக்குப் போய்விட்டால், கிடங்குக்கு வருவது பெரும்பாலும் உலர்ந்ததாக இருக்கும். வேண்டிய நிலமும் சுருங்கும்.

கேள்வி (கீழக்கரை): எரித்துவிட்டால் கசிவு குறையாதா?

பதில்: குறையாது. உலோகம் எரிந்து போவதில்லை; சாம்பலில் தங்கி, மழையில் கரைந்து மணலுக்குள் இறங்கும். புகையின் நஞ்சு தனி.

கேள்வி (பெரியபட்டினம்): பழைய குப்பையைக் கிளறிச் சலித்த மண்ணைத் தென்னந்தோப்புக்குப் போடலாமா?

பதில்: உலோகச் சோதனை முடியாமல் போட வேண்டாம். கண்ணாடித் தூளும் பிளாஸ்டிக் துணுக்குகளும் கலந்த அந்த மண்ணில் காட்மியம் இருந்தால், கீரைகள் அதை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். தோப்பில் ஊடுபயிராகக் கீரை போடும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. மண்ணில் சேர்ந்த உலோகத்தைத் திரும்ப எடுப்பது ஏறக்குறைய இயலாத செயல்.

கேள்வி (மண்டபம்): எங்கள் குப்பைமேட்டை இந்த ஆண்டு அகற்ற வழியில்லை. மழைக்கு முன் என்ன செய்யலாம்?

பதில்: மேட்டுக்குள் இறங்கும் தண்ணீரைத் தடுப்பதே முதல் வேலை. அன்றாடம் கொட்டுவதன்மேல் குறைந்தது 10 சென்டிமீட்டரும், பருவமழைக்கு முன் 40 முதல் 65 சென்டிமீட்டரும் மண் போட்டு இறுக்கி, நீர் வழிந்தோடும்படி சரிவு கொடுக்க வேண்டும். கடற்கரை மணல் இதற்கு உதவாது. தண்ணீரை அப்படியே உள்ளே விட்டுவிடும். உரிய அனுமதியோடு களிமண் கொண்டுவாருங்கள். மேட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டி வெளிமழைநீரைத் திருப்பிவிடுங்கள். அடியில் கசியும் கறுப்புநீரைத் தனியே தார்ப்பாய் விரித்த குழியில் தேக்கிச் சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும். ஓடையில் விட்டால், பவளப் பாறைகளும் கடற்புல்லும் வாழும் மன்னார் வளைகுடாவில்தான் அது போய்ச் சேரும். அருகிலுள்ள கிணறுகளில் முதல் மாதிரியைப் புரட்டாசிக்குள் எடுத்துவிட்டு, அடுத்ததைத் தை மாதத்தில் எடுங்கள்.