வங்கிச் சில்லறையில் லட்சம் கிடைக்குமா?

கேள்வி: குன்னூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வங்கியில் வாங்கிய சில்லறையில் பேரறிஞர் அண்ணா உருவம் பொறித்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று வந்தது. பல லட்சத்துக்குப் போகும் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். உண்மையா? இப்படிப்பட்டவற்றை வங்கியிலேயே கேட்டு வாங்கலாமா?

பதில்: லட்சத்துக்கெல்லாம் போகாது. அது அண்ணாவின் நூற்றாண்டையொட்டி 2009-ல் வந்த நாணயம். அவர் தமிழில் போட்ட கையெழுத்தும் அதில் இருக்கிறது, உற்றுப் பாருங்கள். புழக்கத்துக்கென்றே பெருமளவில் அச்சடித்ததால் கைபட்டுத் தேய்ந்த நாணயத்துக்குப் பெரிய விலை கிடையாது. அதற்காக மறுபடியும் கல்லாவில் போட்டுவிடாதீர்கள். 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுத் திருவள்ளுவர், 2003 காமராசர் நூற்றாண்டு, 2010 தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு என்று ஐந்து ரூபாயிலேயே ஒரு நல்ல தொகுப்பு சேர்ந்துவிடும்.

இதற்கு வங்கியைவிடப் பத்திரமான இடம் இல்லை. எந்த நாணயமானாலும் அதில் பொறித்த மதிப்புக்கே கிடைக்கும். வேண்டாததைக் கடையில் மீதிச் சில்லறையாகக் கொடுத்துவிடலாம். முத்திரை பிரிக்காத பையை மட்டும் கேட்காதீர்கள், அதில் பெரும்பாலும் புது நாணயம்தான் இருக்கும். கோயில் உண்டியலிலிருந்தும் கடைகளிலிருந்தும் வந்து சேர்ந்த கலப்புச் சில்லறையைக் கேளுங்கள். சம்பளமும் ஓய்வூதியமும் எடுக்கக் கூட்டம் நிற்கும் மாத முதல் வாரத்தைத் தவிர்த்தால் காசாளர் முகம் கொடுத்துப் பேசுவார். மே மாத சீசன் முடிந்த கையோடு போவது நல்லது என்பேன். வடக்கிலிருந்து வந்தவர்களின் பையிலிருந்த காசும் அப்போது கலந்திருக்கும்.

வாங்கியதும் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சிறு வைரக் குறி இருந்தால் மும்பை ஆலையில் அச்சடித்தது, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டு நாணயத்தை நான்கு ஆலைக்கும் சேர்ப்பது சேகரிப்பாளர்களுக்குப் பிடித்த வேலை.

வங்கியில் கிடைக்காதவையும் உண்டு. காண்டாமிருகம் பொறித்த 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போயின. செப்பு-நிக்கலில் வந்த பழைய ஒரு ரூபாய் செல்லும்தான். ஆனால் வங்கிக்குள் போனதை மறுபடி வெளியே விடுவதில்லை, ஆலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவற்றை வீட்டு அலமாரியில்தான் தேட வேண்டும்.

ஒரு விஷயத்தைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்: புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும். உங்கள் ஊர் மழைக்கால ஈரத்தில் மட்டமான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த நாணயம் பச்சை பூத்துவிடும். அட்டை உறையில் வைத்து, டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடுங்கள்.

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். என்னிடம் உள்ள வைஷ்ணவ தேவி நாணயத்தின் படத்தை இணையத்தில் போட்டேன். பத்து லட்சம் தருவதாக ஒருவர் பேசினார். ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதமும் அனுப்பினார். முதலில் 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூட வேண்டாம். பொருளை வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டுமே தவிர, உங்களிடம் கேட்கக் கூடாது. பழைய நாணய வியாபாரத்தில் ரிசர்வ் வங்கி ஈடுபடுவதில்லை. கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை. தன் பெயரையும் சின்னத்தையும் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டிலேயே அது எச்சரித்திருக்கிறது. இன்று 2,500 கட்டினால் நாளை ஜிஎஸ்டி, மறுநாள் போக்குவரத்துக் காப்பீடு என்று கேட்டுக்கொண்டே போவார்கள். வைஷ்ணவ தேவி நாணயம் 2012-ல் புழக்கத்துக்கு வந்தது. பத்து லட்சம் என்ற பேச்சே வலைதான். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. ஆதார், வங்கிப் புத்தகப் படங்களைக் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: கூடலூர் பக்கம் எங்கள் வீடு. தாயகம் திரும்பியபோது அப்பா கொண்டுவந்த இலங்கைக் காசுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. வங்கியில் வாங்க மறுக்கிறார்கள்.

பதில்: அவர்கள் மேல் தவறில்லை. வெளிநாட்டு நோட்டைத்தான் மாற்றுவார்கள், சில்லறையை வழக்கமாக எடுப்பதில்லை. எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். சதுரமான ஐந்து சதமும் விளிம்பு அலை அலையாக வளைந்த பத்து சதமும் கட்டாயம் இருக்கும். அவற்றை ஆண்டுவாரியாகப் பிரித்து, கோவை பக்கம் நாணயக் கண்காட்சி நடக்கும்போது கொண்டுபோய் இரண்டு மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். நூறு ஆண்டு கடந்த காசு ஏதாவது இருந்தால் அது 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்பித் தருகிறேன் என்று வருபவரிடம் அதைக் கொடுக்காதீர்கள்.